அம்மா ஒட்டிய அம்புக்குறிகள்

ஜனவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இடது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இரண்டு அறை வீட்டில் அம்மா காதில் விழாமல் போன் பேச முடியாது. மேலும் நாம் பேசினால் நான்காவது நிமிஷம் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். எழுதினால் அந்த வசதி இல்லை, முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை மூன்று மாசம் நீ வைத்துக்கொள். அப்பா இறந்த வருஷம் 'என்னோட வந்துடும்மா' என்று நான் கூப்பிட்டு வந்ததிலிருந்து பதினோரு வருஷம் ஆகிறது. சட்டைக் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவள், ரிட்டையர் ஆகும்போது அந்தச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் பெட்டியையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள், உனக்குத் தெரியும். அங்கே தையல் விட்ட இடத்தில் ஒட்டினாள், இங்கே என் வாழ்க்கையில் ஒட்டுகிறாள். டம்ளரில் கறை இருந்தால் அம்பு. அலமாரிக் கதவு சரியாக மூடாவிட்டால் அம்பு. நேற்று மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர், "உங்க முதுகுல ஏதோ அம்புக்குறி இருக்கு மேடம்" என்றார். ரவிக்கையில் ஒரு நூல் பிரிந்திருந்ததாம். நான் அதோடு பஸ்ஸில் போயிருக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு அம்புக்கும் கூடவே ஒரு வாக்கியம் வரும்: "உன் தங்கச்சி வீட்ல இப்படி இருக்காது." சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், உன் வீட்டில் உண்மையிலேயே வாளியைக் கவிழ்த்துத்தான் வைப்பாயா?

பதிலைக் கடை முகவரிக்கே போடு.

இப்படிக்கு,
கொஞ்சம் களைத்துப்போன அக்கா


ஜனவரி 19

என் அக்காவுக்கு,

முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். எனக்கு ஜலதோஷம். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் நீச்சல் டீச்சருக்கு ஜலதோஷம் வராவிட்டால்தான் அதிசயம். உன் மாப்பிள்ளை பழுதான லிஃப்ட் ஒன்றுக்குள் தலையை விட்டபடி சௌக்கியமாக இருக்கிறார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் வீட்டில் வாளி எதுவும் கவிழ்ந்து கிடையாது. இருக்கிற ஒரே வாளிக்குக் காது உடைந்துவிட்டது. நாற்காலிகளைப் பார்த்தே பல மாசம் ஆகிறது, எல்லாவற்றின் மேலும் ஈரத்துண்டு. அம்மா கடைசியாக இங்கே வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாலே நாள். அந்த நாலு நாளும் அவள் என்ன பேசினாள் தெரியுமா?

"உங்க அக்கா அஞ்சு மணிக்கு எந்திரிச்சிடுவா. உங்க அக்கா குரல உசத்தி ஒரு வார்த்த பேசமாட்டா. உங்க அக்கா வீட்ல ஒவ்வொரு டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டியிருக்கும்."

இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை போனிலும் இதே பாட்டு. உன்னோடு நாலு நிமிஷத்துக்கு மேல் என்னால் ஏன் பேச முடிவதில்லை என்று இப்போதாவது புரிகிறதா? பேசப் பேச, ஐந்து மணிக்கு எழுந்த ஒருத்தி என்னை மேலேயிருந்து பார்ப்பது மாதிரியே இருக்கும்.

நிஜத்தைச் சொல். நீ ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாயா?

அம்மாவை அனுப்பு. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

உன்,
குப்பை வீட்டுத் தங்கை


ஜனவரி 28

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நலம். ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. மாத்திரை வேண்டாம், மாத்திரை விற்கிறவளே சொல்கிறேன்.

நான் எழுந்திருப்பது ஏழே காலுக்கு. அதுவும் அம்மா மூன்று தடவை கதவைத் தட்டிய பிறகு. குரலை உயர்த்துவதில்லையா? போன வாரம் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். டப்பாவுக்குப் பேர் ஒட்டியது அம்மாவேதான். ஆக, உன் வீட்டில் ஒரு பொய் அக்கா இருந்திருக்கிறாள், என் வீட்டில் ஒரு பொய் தங்கை. இரண்டு பேரும் எவ்வளவு நல்லவர்கள்!

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. மூன்று தலையணை வைத்துத்தான் படுப்பாள். போனதும் என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று வார்த்தை மாறாமல் எழுது.

இன்னொரு விஷயம், இது நமக்குள். அம்மாவுக்கு அங்கே பிடித்துப்போனால் அங்கேயே இருக்கட்டும். இந்த வீட்டில் இன்னொரு வருஷம் இருக்கிறேனா இல்லையா என்று ஏப்ரல் முடிவுக்குள் ஹவுஸ் ஓனருக்குச் சொல்லவேண்டும். எனக்கு ஒருத்திக்கு இவ்வளவு வீடு எதற்கு? அவளுக்கு எப்போதும் உன்மேல்தான் உயிர். இதை நான் கோபத்தில் எழுதவில்லை.

இனி உனக்கு எழுதுவதை நீச்சல்குளத்து முகவரிக்கே அனுப்புகிறேன்.

நலம் நாடும்,
அக்கா


பிப்ரவரி 16

ஏழே கால் மணி அக்காவுக்கு,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவளுடையது மட்டும்.

முதல் நாள் கணக்கு: ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் ஒரு அம்பு, ஜன்னல் கம்பியில் இரண்டு, உன் மாப்பிள்ளையின் இடது ஷூவில் ஒன்று. அவர் சந்தோஷமாக அதைத் தடவிப் பார்த்து, "அத்தை சொல்றது சரிதான், அடி கழண்டிருக்கு" என்று ஒட்டப் போய்விட்டார். இப்போது தன் டூல் பெட்டியைக்கூட அம்மாவிடம் காட்டி வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். துரோகி.

நீ கேட்டபடி வார்த்தை மாறாமல்: "உங்க அக்கா பாத்திரம் தேய்க்கிற நார ஜன்னல்ல காய வைப்பா. இப்படி சிங்க்ல ஊறப் போடமாட்டா."

சரி, சோதித்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் நாரை ஜன்னலில் வைத்தேன். பார்த்தாள். நேராகத் துண்டுகளிடம் போனாள். "உங்க அக்கா துண்ட மூணா மடிப்பா." மூன்றாக மடித்தேன். செருப்புக்குப் போனாள். ஒரு வாரமாக அவள் சொல்லச் சொல்ல நான் நீயாகிக்கொண்டே வருகிறேன், உன் புகழ் மட்டும் குறையவே இல்லை. நீ துண்டை எத்தனையாக மடிப்பாய்?

எரிச்சலில் குளத்துக்குப் போய் நாற்பது தடவை நீந்திவிட்டு வந்தேன். பதினோரு வருஷம் நீ எங்கே போய் நீந்தினாய் அக்கா?

மூழ்காமல் இருக்கும்,
தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையின் ஷூ சரியானதில் மகிழ்ச்சி.

துண்டை நான் மடிப்பதே இல்லை, கதவில் மாட்டுவேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. கடையில் இருந்து வந்து எட்டு மணிக்குச் செருப்பைக் கண்ட இடத்தில் விடுகிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. நேற்று முகம் பார்க்கிற கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினேன், பின்பக்கம் ஒரு அம்பு. அந்த இடத்தில் மயிரிழைக்கு ஒரு விரிசல். எப்போது பார்த்தாளோ, எனக்குத் தெரியவே தெரியாது.

அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா? என்னைப் புகழ்வதை விடு. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போடும் இடத்தில் 'நலம் நாடும்' இல்லை, கவனித்தேன். எல்லாரும் நலம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், என் சமையலில் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்குகிறாள்.

ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். சொன்னால் நீ விழுந்துவிடுவாய், நாற்காலியில் உட்கார்ந்து படி.

புதன்கிழமை அம்மா குளத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். பிள்ளைகளின் வகுப்பு நேரம். பெஞ்சில் உட்கார வைத்தேன். கையில் ஸ்டிக்கர் பெட்டி இல்லாதது ஒன்றுதான் குறை. "அந்தப் பையன் கால் மடங்குது. இது மூச்சப் புடிச்சுக்குது. அந்தக் குண்டுப் பிள்ளைக்குக் கை தண்ணிய வெட்டுது, தள்ளல." எல்லாமே சரி. நான் ஒரு மாசமாகத் திருத்தப் பார்க்கிற அதே பிழைகள்.

மூன்றாவது வரிசையில் நீலத் தொப்பிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்த வகுப்பிலேயே அவள்தான் மீன். அவளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

"அந்த நீலத் தொப்பி எப்படிம்மா?"

"அதப் பத்தி என்ன சொல்றது? அதுல ஒண்ணும் இல்ல."

"நல்லா நீந்துறான்னு சொல்லலாம்ல?"

என்னை முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நல்ல பீஸப் பத்தி எவடி பேசுவா? மணிக்கு அறுபது சட்ட பாக்கணும். குற இருந்தா அம்ப ஒட்டு. இல்லேன்னா வலப்பக்கம் தள்ளிட்டு அடுத்தத எடு. வாயத் தொறந்தா வேல ஓடுமா?"

விடவில்லை நான். "அப்போ அக்காவ மட்டும் நாள் பூரா புகழறியே, அது?"

"டியூப்லைட்டுக்குக் கீழ, கைக்குப் பக்கத்துல இருந்தாத்தான் குற தெரியும். தூரத்துல இருக்கிறதுல என்னத்தக் கண்டேன்? நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதை இவ்வளவு விவரமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது? உடனே எழுது.

ஆவலோடு,
தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

சுகம்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டாய். பதினோரு வருஷம் டியூப்லைட்டுக்குக் கீழே இருந்தவள் நான் என்று தோன்றுகிறது. உனக்கு ஆறு வாரம்தான் ஆகிறது. உனக்கு இது கண்டுபிடிப்பு, வேடிக்கை. இத்தனை வருஷம் அவள் உன்னைப் புகழ்ந்ததிலும் ஒன்றும் இல்லை, இப்போது என்னைப் புகழ்வதிலும் ஒன்றும் இல்லை. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. என்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடை மாடியில் இருக்கும் அறையைப் பார்த்துவிட்டேன். தெருப் பக்கம் ஜன்னல், சுவரில் இரண்டு ஆணி. ஒரு கட்டில்தான் போட முடியும். எனக்கு அது போதும். அம்மாவை நீயே வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எனக்கு ஜலதோஷம் மூன்று மாசமாக விடவில்லை, நீ ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

அம்மாவை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? இருக்கட்டும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் ஏதோ சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிற மாதிரி "நீயே வைத்துக்கொள்" என்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் கோபம் வரும். ஐந்து நாள் கழித்து எழுதினால் ஆறும் என்று பார்த்தேன், பத்து நாள் ஆகியும் ஆறவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அம்மா உன்னைப் பற்றிக் கேட்பதில்லைதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். தினமும். எட்டு மணிக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை, உன் போன கடிதங்களை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று. அப்பா போனதும் நீதான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டாய் என்று எழுதியிருந்தாயே, அம்மாவிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். "அவ எங்கடி கூப்பிட்டா?" என்றாள். "அவ வீட்டுக்காரன் விட்டுட்டுப் போன வாரம் நானா பஸ் ஏறிப் போனேன். மூணு நாளா அடுப்பே பத்த வைக்கல அவ. அவளத் தனியா விட முடியுமா? இன்னிக்கு வரைக்கும் விட முடியல."

இதில் எது உண்மை? நான் அப்போது ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீ அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாளே?

கோபம் பாதி ஆறிய,
தங்கை


ஏப்ரல் 9

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஒரு தப்பு நடந்துவிட்டது.

உன் மார்ச் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா கண்ணில் படக்கூடாது என்று துண்டு அடுக்குக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செக்கிங்கில் முப்பது வருஷம் இருந்தவளிடம் மடித்த துணிக்குள் ஒளிக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்று எடுத்துப் பார்த்தேன். "ஒரு கட்டில்தான் போட முடியும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு.

சாயங்காலம் துண்டெல்லாம் பழையபடி மூன்றாக மடித்து அடுக்கியிருந்தது. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏதாவது எழுது.

தங்கை


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? பதினைந்து நாளாகப் பதில் இல்லையே, வேறு ஏதும் உடம்புக்கு இல்லையே? என் ஜலதோஷம் போய்விட்டது.

அம்மா நேற்று இரவு சாப்பிடும்போது, "அடுத்த சனிக்கிழம மூணு மாசம் ஆகுது, எனக்கு டிக்கெட் போடச் சொல்லு" என்றாள். "எங்கம்மா?" என்று கேட்டேன். "இது என்ன கேள்வி?" என்றாள். உன் மாப்பிள்ளை அவ்வளவு கெஞ்சினார். எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் 'அப்பாடா' என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

நான் அனுப்பவில்லை அக்கா, அவளாகத்தான் வருகிறாள். மாடி அறையைப் பற்றி நீயே அவளிடம் சொல்லிக்கொள். அவள் வந்ததும் என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய், ஒன்று விடாமல் எழுது. எழுதவில்லை என்றால் நான் நேரில் வந்து நிற்பேன்.

காத்திருக்கும்,
தங்கை


மே 6

என் அருமைத் தங்கைக்கு,

நலம்தான். ஜலதோஷத்தை நான் கேட்காமல் விட்டது தப்பு, மன்னித்துக்கொள்.

பதில் எழுதாததற்குக் காரணம் வெட்கம். அம்பு ஒட்டிய அந்தக் கடிதத்தைக் கடை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். தினமும் எடுப்பேன், பார்ப்பேன், உள்ளே வைப்பேன். பிழையை அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

நீ கேட்டதற்குப் பதில்: அம்மா சொன்னதே உண்மை. நான் கூப்பிடவில்லை. அவர் விட்டுப்போன மூன்றாம் நாள் கதவைத் தட்டினாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "இந்த வீட்ல எவ்வளவு தூசு" என்று விளக்குமாற்றைத் தேடினாள். எனக்கு அப்போது வந்த கோபத்தில்தான் எழுந்து உட்கார்ந்தேன். புருஷன் விட்டுப்போனவள் வீட்டுக்குத் தாய் வந்து தங்கினாள் என்பதைவிட, தனியாகிவிட்ட தாயை மகள் கூட்டி வந்தாள் என்று சொல்வது எனக்குக் கௌரவமாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன், சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

முப்பதாம் தேதி ஹவுஸ் ஓனரிடம் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா இங்கேயே இருக்க வருகிறாளா, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வருகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். சொல்லவேண்டியதை மூன்று வாக்கியமாகத் தயாரித்து வைத்திருந்தேன். மூன்றிலும் 'மன்னிச்சிடும்மா' வரும்.

நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். இரண்டு மாடி ஏறிவந்ததில் மூச்சு இரைக்க நின்றாள். நான் விலகி வழிவிட்டும் உள்ளே வரவில்லை.

"மூணு மாசம்னு சொன்ன. ஆயிடுச்சு" என்றாள். "உன் கோபம் தீரட்டும்னுதான் அங்க போயி இருந்தேன். தீர்ந்துச்சா?"

அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா."

"சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். "இந்தப் பையப் புடி, கை வலிக்குது."

அன்புடன்,
அக்கா